கத்தரிக்கோலில் உதிர்ந்த நையாண்டி

அமெரிக்காவின் நெவாடா இன்னும் மாநிலமாகாத காலம். வெள்ளிச் சுரங்கங்களை நம்பி முளைத்த வர்ஜீனியா சிட்டியிலிருந்து ‘டெரிடோரியல் என்டர்பிரைஸ்’ என்ற நாளிதழ் வந்துகொண்டிருந்தது. 1863 அக்டோபர் 28 அன்று அதில் வந்த ஒரு கொலைச் செய்தி வட்டாரத்தையே உலுக்கியது. ஹாப்கின்ஸ் என்ற குடும்பஸ்தர் புத்தி பேதலித்து மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றார். பிறகு தன் கழுத்தை ஒரு காதிலிருந்து மறு காதுவரை அறுத்துக்கொண்டு, மனைவியின் செம்பட்டைக் கூந்தலோடு உரித்த தலைத்தோலைக் கையில் பிடித்தபடி குதிரையேறிக் கார்சன் நகருக்கு வந்து, மக்னோலியா மதுக்கடை வாசலில் விழுந்து இறந்தார். இதுதான் செய்தி.

அப்படி ஒரு கொலையே நடக்கவில்லை. எழுதியவர் சாமுவேல் கிளெமன்ஸ் என்ற 27 வயது நிருபர். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ‘மார்க் ட்வைன்’ என்ற புனைபெயரைச் சூடிக்கொண்டவர். அவர் குறிவைத்தது சான் பிரான்சிஸ்கோ பத்திரிகைகளை. நெவாடாவின் சுரங்க நிறுவனங்கள் பொய்க் கணக்கு எழுதி லாபப் பங்கு கொடுக்கின்றன என்று அவை நாள்தோறும் ஏசின. கையோடு தங்கள் ஊர் ஸ்பிரிங் வேலி தண்ணீர்க் கம்பெனியின் பங்குகளை வாங்கச் சொல்லி வாசகர்களைத் தூண்டின. அந்தக் கம்பெனி செய்ததும் அதே தில்லுமுல்லுதான். ட்வைனின் கதையில் வரும் ஹாப்கின்ஸ் இந்தப் பத்திரிகைகளின் பேச்சைக் கேட்டுச் சுரங்கப் பங்குகளை விற்றுத் தண்ணீர்க் கம்பெனியில் கொட்டி, எல்லாவற்றையும் இழந்துதான் பைத்தியமாகிறார். பத்திரிகைகளின் பொறுப்பில்லாத பேச்சு ஒரு குடும்பத்தையே அழிக்கும் என்பதை ஒரு பொய்ச் செய்தியின் மூலமே காட்ட அவர் நினைத்தார்.

படிப்பவர் கண்டுபிடிக்கட்டும் என்று செய்திக்குள்ளேயே தடயங்களையும் விட்டிருந்தார். கொலை நடந்த வீடு எம்பயர் சிட்டிக்கும் டச் நிக்ஸுக்கும் இடையே உள்ள பெரிய பைன் காட்டின் ஓரத்தில் இருந்ததாக எழுதினார். எம்பயர் சிட்டியும் டச் நிக்ஸும் ஒரே ஊரின் இரண்டு பெயர்கள். சுற்றுவட்டாரத்தில் பைன் காடே கிடையாது. ஹாப்கின்ஸ் கல்யாணமே ஆகாதவர் என்பது ஊரறிந்த விஷயம் என்று பின்னாளில் ட்வைன் எழுதினார். போதாக்குறைக்கு, கழுத்தறுபட்ட மனிதர் நான்கு மைல் தூரம் குதிரை ஓட்டி வருகிறார். அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் யாருக்கும் இதில் ஒன்று போதும், புளுகு என்று தெரிந்துவிடும்.

தெரியவில்லை. அன்று காலை உணவகத்தில் தனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு நாட்டுப்புறத்து ஆட்களை ட்வைன் கவனித்ததை 1870இல் விவரித்திருக்கிறார். ஒருவர் செய்தித்தாளை நீளவாக்கில் மடித்து வைத்துக்கொண்டு படிக்கிறார். வாய்க்குப் போன உருளைக்கிழங்கு பாதியில் நிற்கிறது. கண் அகல விரிகிறது. ரத்தமும் தலைத்தோலும் வரும் இடங்களைத் தேடித் தேடிப் படித்தவர், பக்கத்திலிருந்தவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, சாப்பாடே வேண்டாம் என்று கிழங்கைத் தட்டில் வைத்துவிடுகிறார். பைன் காடோ தண்ணீர்க் கம்பெனியோ அவர் கண்ணில் படவேயில்லை. மறுநாள் என்டர்பிரைஸில் ட்வைன் தன் செய்தியைத் திரும்பப் பெற்றார். பக்கத்து ஊரான கோல்ட் ஹில்லின் பத்திரிகையும் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகைகளும் அதை மறுபதிப்புச் செய்தன. ஏமாந்த ஆசிரியர்கள் அவரைக் கரித்துக் கொட்டினார்கள். வேலையை விட்டுவிடுவதாகச் சொன்ன ட்வைனைச் சக நிருபர் டான் டி குவில்தான் தேற்றி நிறுத்திவைத்தார்.

ஒரு சின்ன ஊரின் கேலிக்கூத்து இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் அன்றைய பத்திரிகைத் தொழிலின் அமைப்பு. 1792ஆம் ஆண்டின் அமெரிக்க அஞ்சல் சட்டம், ஒவ்வொரு பத்திரிகை அச்சிடுபவரும் மற்றப் பத்திரிகைகளுக்குத் தம் இதழின் ஒரு பிரதியைக் கட்டணமில்லாமல் அனுப்ப வழிசெய்தது. செய்தி நிறுவனங்கள் வேரூன்றாத காலத்தில் நாட்டையே செய்தியால் இணைத்தது இந்த ஏற்பாடுதான். தபாலில் வந்து குவியும் வெளியூர்ப் பத்திரிகைகளை மேசையில் பரப்பி, வேண்டியதைக் கத்தரித்து அச்சுக்கோப்பவரிடம் கொடுப்பது துணை ஆசிரியரின் அன்றாட வேலை. கத்தரிக்கோலும் பசையும் அவருக்குப் பேனாவைவிட முக்கியம். இந்தப் பயணத்தில்தான் நையாண்டி உயிரை விட்டது. எம்பயர் சிட்டியில் பைன் காடு இல்லை என்பது கார்சன்காரருக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இருப்பவருக்குத் தெரியாது. ஊரைத் தாண்டியதும் சிரிப்புக்குரிய குறிப்புகள் வெறும் இடப்பெயர்களாகி, செய்தியின் நம்பகத்தன்மையைக் கூட்டும் விவரங்களாகவே மாறிவிட்டன.

நையாண்டியாகப் பொய்ச் செய்தி எழுதுவதில் ட்வைனுக்கு முன்னோர்கள் உண்டு. அவர்களில் மூத்தவர் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக். இங்கிலாந்தில் பிறந்து 1830களில் நியூயார்க்குக்கு வந்தவர்.

அந்த நகரில் பெஞ்சமின் டே 1833 செப்டம்பரில் ‘சன்’ நாளிதழைத் தொடங்கினார். மற்றப் பத்திரிகைகள் ஆறு சென்ட்டுக்கு விற்றபோது இது ஒரு சென்ட். தெருவில் கூவி விற்கும் பையன்கள்தான் அதன் விற்பனைப் படை. வாசகர்கள் கடைச் சிப்பந்திகளும் தொழிலாளர்களும். லாக் அங்கே ஆசிரியராகச் சேர்ந்த சில வாரங்களில், 1835 ஆகஸ்ட் 25 அன்று, ஆறு பகுதிகள் கொண்ட தொடர் ஒன்று தொடங்கியது. பிரிட்டிஷ் வானியலாளர் சர் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் பிரம்மாண்டமான தொலைநோக்கியை நிறுவி, நிலவில் உயிர்கள் இருப்பதைக் கண்டுவிட்டார் என்றது அது. ஆதாரம், ‘எடின்பரோ ஜர்னல் ஆஃப் சயின்ஸ்’ இதழின் இணைப்பு.

பொய்யின் ஒவ்வொரு செங்கல்லுக்கும் இடையே உண்மையின் சாந்து பூசியிருந்தார் லாக். ஹெர்ஷல் நிஜமான மனிதர். 1834 தொடக்கத்திலிருந்து உண்மையிலேயே நன்னம்பிக்கை முனையில் தென்வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். எடின்பரோ இதழும் நிஜம். ஆனால் அதற்குள் நின்றுபோயிருந்தது. நன்னம்பிக்கை முனையிலிருந்து நியூயார்க்குக்குக் கடிதம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் உடனடி மறுப்புக்கு வழியில்லை. ஹெர்ஷலிடம் உண்மையில் இருந்த பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி சுமார் 18 அங்குலம். லாக்கின் கதையில் லென்ஸ் 24 அடி அகலம். எடை ஏறக்குறைய 7 டன். பொருள்களை 42,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

முதல் நாள் முழுக்கத் தொலைநோக்கியின் கட்டுமான விவரம்தான். அடுத்தடுத்த நாள்களில் வாசகர்கள் நிலவுக்குள் இறங்கினார்கள். கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்திலிருந்து காக்க நெற்றியில் சதைத்திரை தொங்கும் காட்டெருமைகள், ஒற்றைக் கொம்புள்ள நீலநிற ஆடு போன்ற பிராணி, இரண்டு காலில் நடந்து குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு புகை வரும் குடிசைகளில் வாழும் பீவர்கள். நான்காம் பகுதியில் வௌவால் மனிதர்கள் வந்தார்கள்: நான்கடி உயரம், செம்பு நிற ரோமம், முதுகில் மெல்லிய தோல் சிறகு. நீலக்கல்லில் எழுப்பிய கோயிலும் இருந்தது. கடைசியில், யாரோ லென்ஸைச் சூரியனுக்கு நேரே விட்டுவிட்டதால் ஆய்வுக்கூடம் தீப்பற்றியது என்று கதையை முடித்துக்கொண்டார் லாக்.

தன் விற்பனை 19,360ஐத் தொட்டுவிட்டதாகவும் உலகிலேயே இதுதான் அதிகம் என்றும் சன் அறிவித்தது. தொடரைச் சிறு புத்தகமாகவும் கல்லச்சுப் படங்களாகவும் போட்டு விற்றது. மற்றப் பத்திரிகைகள் போட்டி போட்டு மறுபதிப்புச் செய்தன. போட்டி நாளிதழான ‘ஹெரால்டு’ அந்த மாதம் நடந்த தீ விபத்தில் அச்சகத்தை இழந்திருந்தது. அது மீண்டும் வெளிவந்ததும் ஆசிரியர் ஜேம்ஸ் கார்டன் பென்னட் செய்த முதல் வேலைகளில் ஒன்று, இது லாக்கின் கைவரிசை என்று பெயர் சொல்லி அம்பலப்படுத்தியது. சன் அசைந்துகொடுக்கவில்லை. ஹெர்ஷலுக்குச் செய்தி எட்டியபோது முதலில் சிரித்தார். பிறகு பல மொழிகளில் விசாரணைக் கடிதங்கள் வந்து குவியவே சலித்துப்போனார்.

லாக் எதை நையாண்டி செய்தார்? நிலவிலும் கோள்களிலும் கடவுள் மக்களைக் குடியமர்த்தியிருக்கிறார் என்று எழுதி அன்று பெரும் புகழ் பெற்றிருந்த ஸ்காட்லாந்துப் போதகர் தாமஸ் டிக் போன்றோரை. மியூனிக்கைச் சேர்ந்த வானியலாளர் குருயிட்ஹுய்சன் நிலவில் கோட்டைச் சுவர்களைக் கண்டதாக 1824இல் அறிவித்திருந்தார். வானியலை இப்படி வேதப் பிரசங்கமாக்குவதைக் கேலி செய்யவே எழுதியதாக 1840இல் லாக் பகிரங்கமாக எழுதினார். ஆனால் டிக்கைப் படித்துப் பழகிய வாசகர்களுக்கு வௌவால் மனிதர்கள் ஒன்றும் விசித்திரமல்ல. எதிர்பார்த்ததே வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். கேலிக்கு ஆளானவர்களின் நம்பிக்கையை அந்தக் கேலியே உறுதிப்படுத்திவிட்டது.

அதே சன் 1844 ஏப்ரல் 13 அன்று, ஒரு பலூன் 75 மணி நேரத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து தென் கரோலினாவின் சல்லிவன் தீவில் இறங்கியது என்று சிறப்புப் பதிப்பு போட்டது. எழுதியவர் எட்கர் ஆலன் போ. பிழைப்புத் தேடி நியூயார்க்குக்கு வந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. பலூனில் வந்ததாக அவர் சொன்ன மங்க் மேசன் நிஜமானவர். 1836இல் லண்டனிலிருந்து ஜெர்மனிவரை பலூனில் பறந்த குழுவில் இருந்தவர். சன் அலுவலகத்தைச் சூழ்ந்த கூட்டத்தில் தனக்கே ஒரு பிரதி கிடைக்கவில்லை என்று போ எழுதினார். இரண்டு நாளில் சன் மறுப்பு வெளியிட்டது.

நெவாடாவுக்குத் திரும்பினால், ட்வைன் கொலைச் செய்திக்கு ஓராண்டு முன்பே, 1862 அக்டோபரில், ‘கல்லாகிப்போன மனிதன்’ ஒருவனைப் பாலைவனத்தில் கண்டெடுத்திருந்தார். மரமும் எலும்பும் கல்லாகிக் கிடைப்பதாகப் பத்திரிகைகள் மாறி மாறி எழுதிய காலம் அது. நூறாண்டுக்கு முன் இறந்தவனுக்கு உள்ளூர் நீதிபதி சூவல் விசாரணை நடத்தி, இயற்கையின் கடுமைக்கு ஆளாகி இறந்தான் என்று தீர்ப்பு எழுதினாராம். சூவலோடு ட்வைனுக்கு மனத்தாங்கல். கல் மனிதனின் உடல் எப்படி இருந்தது என்ற வர்ணனையில்தான் சூட்சுமம்: வலது கட்டைவிரல் மூக்கின் பக்கத்தில், வலது கண் மூடியபடி, வலது கை விரல்கள் விரித்தபடி. நடுநடுவே வேறு விவரங்களைச் சொருகி இவற்றைத் தனித்தனியாகச் சிதறவிட்டிருந்தார். ஒன்றுசேர்த்துப் பார்த்தால், கண்ணடித்துக்கொண்டு மூக்கில் விரல் வைத்துப் பழிப்புக் காட்டும் உருவம். சேர்த்துப் பார்த்தவர் அரிது. மறுபதிப்புச் செய்த வெளியூர்ப் பத்திரிகைகளையெல்லாம் பொறுக்கியெடுத்து மாதக்கணக்கில் சூவலுக்குத் தபாலில் அனுப்பியதாக ட்வைன் சொல்லியிருக்கிறார்.

ட்வைனைத் தேற்றிய டான் டி குவிலின் பாணி வேறு. அவருடைய நிஜப்பெயர் வில்லியம் ரைட். சுரங்கத் தொழிலின் நுணுக்கங்களை அந்த வட்டாரத்தில் அவரைவிடத் துல்லியமாக எழுதியவர்கள் குறைவு. அந்தத் துல்லியத்தை அப்படியே கற்பனைக்கும் கொண்டுபோனார். 1874 ஜூலையில் அவர் எழுதிய ‘சூரியக் கவசம்’ இன்றும் படிக்கத் தக்கது. பாலைவன வெயிலைத் தாங்க ஒருவர் ஓர் அங்குல கனத்துக்குக் கடற்பஞ்சால் உடுப்பும் தலைமூடியும் செய்துகொள்கிறார். அக்குளில் வைத்த ரப்பர்ப் பையை அமுக்கினால் தண்ணீர் ஊறி உடுப்பு ஈரமாகும். ஈரம் ஆவியாகும்போது குளிரும். அதை மாட்டிக்கொண்டு மரணப் பள்ளத்தாக்கில் நடந்தவர், உச்சி வெயிலில், மூக்கிலிருந்து ஓரடி நீளப் பனிக்கட்டி தொங்க, உறைந்து இறந்து கிடந்தாராம். லண்டனின் ‘டெய்லி டெலிகிராஃப்’ இதைப் பற்றி எழுதி, பொய் என்று தள்ளத் துணியாமல், கூடுதல் ஆதாரம் வந்தால் நல்லது என்றது. டி குவில் மேல்விவரங்களோடு இன்னொரு கட்டுரை எழுதி அதையும் வழங்கினார். ஆவியாதல் குளிர்விக்கும் என்பது மெய்யான இயற்பியல். அந்த ஒற்றை உண்மையைப் பிடித்துக்கொண்டு வாசகர் மீதி தூரம் தானாகவே நடந்து வந்தார்.

தடயம் நுட்பமாக இருந்ததால்தான் ஏமாந்தார்கள், பொய் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் பிரச்சினை வந்திருக்காது என்று ஒருவர் வாதிடலாம். அதையும் ஒரு பத்திரிகை செய்து பார்த்தது. 1874 நவம்பர் 9, திங்கட்கிழமை. நியூயார்க் ஹெரால்டில் பக்கத்தை நிரப்பிய செய்தி: முந்தைய நாள் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிச் சாலையிலிருந்து விலங்குகள் கூண்டை உடைத்துக்கொண்டு வெளியேறின, 49 பேர் சாவு, 200 பேர் காயம், பல மிருகங்கள் இன்னும் பிடிபடவில்லை, வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம் என்று மேயர் எச்சரிக்கை. நிஜமான ஆளுநர் ஜான் டிக்ஸ் தெருவில் வங்கப் புலியைச் சுட்டு வீழ்த்தும் காட்சியும் உண்டு. கூண்டுகள் பலவீனமாக இருப்பதை நேரில் பார்த்துப் பதறிய நிர்வாக ஆசிரியர் தாமஸ் கானரி, நகரத்தை விழிக்கச் செய்ய ஜோசப் கிளார்க் என்ற நிருபரை எழுதவைத்தார். கடைசிப் பத்தியில், மேலே உள்ள கதை முழுவதும் புனைவு, ஒரு சொல்லும் உண்மையல்ல என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள்.

அந்தப் பத்திவரை போகும் பொறுமை பலருக்கு இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைத் தேடி ஓடினார்கள். துப்பாக்கியோடு தெருவில் இறங்கினார்கள். ஹெரால்டின் சொந்த நிருபர் ஒருவரே கைத்துப்பாக்கிகளோடு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த கதையைக் கானரி பின்னாளில் எழுதினார். மற்றப் பத்திரிகைகள் ஹெரால்டைக் கண்டித்து எழுதின. கூண்டுகளின் நிலைமையைப் பற்றிய பேச்சு அந்தக் கூச்சலில் அமுங்கிப்போயிற்று. நல்ல நோக்கம், பெரிய எழுத்துத் திறமை, நேர்மையான கடைசிப் பத்தி, மூன்றும் இருந்தும் செய்தி பீதியாகத்தான் முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மரபைக் கையிலெடுத்தவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் எச்.எல்.மென்கன். முதல் உலகப் போரில் ஜெர்மனிமீது பரிவு கொண்டிருந்ததால் போரைப் பற்றி மனம்விட்டு எழுத முடியாத நிலை. 1917 டிசம்பர் 28 அன்று ‘நியூயார்க் ஈவினிங் மெயில்’ நாளிதழில் குளியல்தொட்டியின் வரலாற்றை எழுதினார். அமெரிக்காவின் முதல் குளியல்தொட்டி 1842 டிசம்பர் 20 அன்று சின்சினாட்டியில் ஆடம் தாம்சன் வீட்டில் வந்தது, மஹோகனி மரம், உள்ளே ஈயத் தகடு, எடை 1,750 பவுண்டு, மருத்துவர்கள் எதிர்த்தார்கள், பாஸ்டன் நகரம் தடை போட்டது, வர்ஜீனியா ஆண்டுக்கு 30 டாலர் வரி விதித்தது, அதிபர் மில்லர்ட் ஃபில்மோர் 1851இல் வெள்ளை மாளிகையில் தொட்டி வைத்த பிறகே எதிர்ப்பு அடங்கியது. அத்தனையும் கற்பனை. வெள்ளை மாளிகையில் 1830களிலேயே குழாய்த் தண்ணீரும் குளியலறையும் இருந்தன.

தன் ‘தகவல்கள்’ மருத்துவ இதழ்களிலும் மேற்கோள் நூல்களிலும் ஏறுவதைப் பார்த்த மென்கன், 1926 மே 23 அன்று எல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டு எழுதினார். அந்தக் கட்டுரை சுமார் 30 பத்திரிகைகளில் வந்தது. அவற்றில் ஒன்று ‘பாஸ்டன் ஹெரால்டு’. அமெரிக்கர்கள் எதையும் நம்புவார்கள் என்ற பொருளில் தலைப்பிட்டு வெளியிட்ட அந்தப் பத்திரிகையே, மூன்று வாரம் கழித்து ஜூன் 13 அன்று பழைய குளியல்தொட்டிக் கதையை உண்மைச் செய்தியாக அச்சிட்டது. அதன் பிறகு பல்லாண்டுகள் கழித்தும் அதிபர் ஹாரி ட்ரூமன் ஃபில்மோரின் தொட்டியை வரலாறாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

பாஸ்டன் ஹெரால்டு செய்த தவறு வாசகர் தலையில் கட்டக்கூடியதல்ல. அங்கே ஒரு துணை ஆசிரியர் தன் பத்திரிகையின் மூன்று வாரத்துக்கு முந்தைய இதழையே புரட்டிப் பார்க்கவில்லை. இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றில் துணை ஆசிரியரின் மேசைதான் குற்றவாளி. லாக்கின் தொடரை மறுபதிப்புச் செய்தவர்கள் எடின்பரோ இதழ் வெளிவருகிறதா என்று ஒரு புத்தகக் கடையில் கேட்டிருக்கலாம். ட்வைனின் கொலைச் செய்தியை எடுத்துப் போட்ட கோல்ட் ஹில் ஆசிரியருக்குப் பைன் காடு இல்லை என்பது தெரிந்தே இருக்க வேண்டும். அவசரமும் அடுத்தவர் அச்சிட்டுவிட்டார் என்ற தைரியமும் சேர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்கவிடவில்லை.

கத்தரிக்கோல் போய்க் கணினி வந்த பிறகும் மேசை மாறவில்லை. 2002இல் ‘பெய்ஜிங் ஈவினிங் நியூஸ்’, அமெரிக்க நாடாளுமன்றம் புதிய கட்டடம் கட்டித் தராவிட்டால் வாஷிங்டனை விட்டு வெளியேறுவதாக மிரட்டுகிறது என்று எழுதியது. 2012இல் சீனாவின் ‘பீப்பிள்ஸ் டெய்லி’ இணையப் பதிப்பு, வடகொரியத் தலைவர் கிம் ஜாங் உன் உலகின் கவர்ச்சியான ஆணாகத் தேர்வானதாக 55 படங்களோடு வெளியிட்டது. இரண்டும் அமெரிக்க நையாண்டி இதழான ‘தி ஆனியன்’ எழுதியவை.

இப்படி நேரும்போதெல்லாம் நையாண்டிக்கு முத்திரை குத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. அந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. ஓஹையோ மாநிலத்தின் பார்மா நகரில் ஒருவர் 2016இல் உள்ளூர் போலீஸின் ஃபேஸ்புக் பக்கத்தைப் போலவே கேலிப் பக்கம் ஒன்றைத் தொடங்கினார். அவரைக் கைது செய்து நான்கு நாள் சிறையில் வைத்தார்கள். ஜூரி விடுவித்தது. அவர் போலீஸார்மீது வழக்குத் தொடுக்க, கீழமை நீதிமன்றங்கள் அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றன. மேல்முறையீட்டில் 2022 அக்டோபரில் தி ஆனியன் அவருக்கு ஆதரவாக அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தது: இது கேலி என்று முன்கூட்டியே எழுதினால் கேலியே செத்துவிடும், அசலின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில்தான் அதன் வலிமை.

1874இல் வந்த ஹெரால்டு செய்தியின் கடைசிப் பத்தி அந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. முத்திரை இருந்தும் அது பீதியைத் தடுக்கவில்லை. மறுபதிப்புச் செய்பவர் விசாரிக்காதவரை எந்த முத்திரையும் உதவாது; விசாரித்தால் முத்திரைக்கே அவசியமில்லை. எழுதுபவரைச் சிறையில் வைப்பதைவிட, எடுத்துப் போடும் மேசையைக் கேள்வி கேட்பதே இந்த வரலாற்றுக்குப் பொருந்திய தீர்வு. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பார்மா வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. கேலி செய்தவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. முத்திரை இல்லாமல் கேலி எழுதும் உரிமையின் எல்லை எது என்பது அந்த நீதிமன்றத்தில் முடிவாகாமலேயே நிற்கிறது.